ஞாபகமும் மூளையணுக்களும்

கற்றவற்றையும் கண்டவற்றையும் இட்டுவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் பெட்டகமே ஞாபகம் என்பது பெரும்பாலோர் எண்ணம். அப்பெட்டகம் சிலர்க்குப் பெரிதாகவும் சிலர்க்குச் சிறிதாகவும் அமைந்துள்ளதென்றும், முதுமையில் அது பழுதுற்றால் மனிதனே பழுதுற்றானென்றும் நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். மூளையைப் பற்றிய ஆராய்ச்சி இவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. ஞாபகம் ஒன்றன்று, பல. ஒவ்வொன்றற்கும் உரிய இடமும் அணுக்களும் வெவ்வேறாம். இதனைச் சிறிது விளக்குவோம்.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள. அவை யாவும் ஒரு படித்தானவை அல்ல. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகளில் மூளையணுக்கள் 3,000-க்கு மேற்பட்ட வகைகளாகப் பிரித்துக் காட்டப்பெற்றன. நம் கோவை நூற்பாலையொன்றினுட் புகுந்து பார்ப்போமாயின், பஞ்சைச் சுத்தி செய்வோர், நூல் நூற்போர், அறுந்த இழையை இணைப்போர், யந்திரத்தை நிறுத்துவோர் எனப் பலரும் பல தொழில் புரிதலைக் காண்போம். மூளையிலும் அவ்வாறே சில அணுக்கள் அடுத்த அணுவைத் தூண்டும், சில அடக்கும். அடக்குவன தம் தொழிலிற் குறைந்தால் அணுக்கள் வரம்பின்றிக் கிளர்ந்து வலிப்பு நேரிடும். கிளையா எனப்படும் துணையணுக்களோ நரம்பணுக்களைப் பேணியும் கழிவுகளை நீக்கியும் உதவும்.

ஞாபகம் பலவகைத்து என்பதை ஒரு நோயாளி உலகிற்கு உணர்த்தினார். ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கருக்கு 1953-ஆம் ஆண்டில், அவருடைய 27-ஆம் வயதில், வலிப்பு நோய் தீரும்பொருட்டு மூளையின் இருபுறத்தும் உட்பகுதியொன்று அகற்றப்பெற்றது. ஹிப்பொகாம்பஸ் என்னும், கடற்குதிரை வடிவினதாகிய உறுப்பின் பெரும்பகுதி அதனோடு நீங்கிற்று. அதன்பின் அவர் புதிதாகச் சந்தித்தவரைச் சிறிது நேரத்தில் மறப்பார். ஆயினும், கண்ணாடியிற் பார்த்து நட்சத்திர வடிவை வரையுமாறு பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர் அவரைப் பழக்கியபோது, நாளுக்கு நாள் கை திருந்திற்று. முன்னாள் வரைந்ததை அவர் அறியார். அவர் கை அறிந்திருந்தது!

எனவே, நிகழ்ச்சிகளை நினைவிற் பதிப்பது வேறு. கைத்தொழிலைப் பதிப்பது வேறு என்பது தெளிவாயிற்று. முதியோரைத் தாக்கும் அல்ஸைமர் நோய் பெரும்பாலும் ஹிப்பொகாம்பஸையும் அதனை அடுத்த பகுதியையும் முதலிற் சிதைக்கின்றது. ஆதலின், காலையில் உண்டதை மறந்த பெரியவர் இளமைக்கால நிகழ்ச்சியைத் தவறாது கூறுதலும், பேரனின் பெயரை மறந்த சென்னிமலை நெசவாளர் தறியிலமர்ந்ததும் கை பிசகாது நெய்தலும் கூடும். இது பாசாங்கன்று, நோயின் இயல்பேயாம்.

இனி, பதிதல் எவ்வாறு நிகழ்கின்றது? கடல் நத்தையொன்றை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எரிக் காண்டல் இதனை விளக்கினார். ஒருமுறை தூண்டின் அதன் விளைவு விரைவில் மறையும். இடைவிட்டுப் பன்முறை தூண்டின் நாட்கணக்கில் நிற்கும். அப்போது அணுக்களுக்கிடையே புதிய இணைப்புகள் முளைக்கின்றன. முளைத்தற்குக் காலம் வேண்டுமன்றோ? பரீட்சைக்கு முன்னிரவு மட்டும் விழித்துப் படிப்பவர், விதைத்த மறுநாளே கதிரறுக்கப் புகுபவரை ஒப்பர்.

நம் மாகாணத்தின் தலைநகரிலும் இத்துறை செழிக்கின்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-ஆம் ஆண்டில் தோன்றிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி நிலையத்தார், பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் அவர்கள் தலைமையில், உயிர்நீத்த கருச்சிசுக்களின் மூளையை மயிரினும் மெல்லிய ஏடுகளாகச் சீவி, அணுக்கள் தெளிவாய்த் தோன்றுமாறு படமெடுத்தனர். 5,132 ஏடுகளைக் கொண்ட இத்தொகுதி, ‘தரணி’ என்னும் பெயரால் 2024 டிசம்பரில் உலகத்தார் யாவரும் விலையின்றிக் காண வெளியிடப்பெற்றது. இப்படங்கள் ஞாபகத்தை நேரே காட்டா; கருவின் நான்காம் திங்கள் முதல் ஆறாம் திங்கள் வரையில் மூளை உருவாகும் முறையையே காட்டும். எனினும், நன்னிலை இன்னதென அறிந்தாலன்றிப் பழுது யாதெனத் துணிதல் அரிது. ஊரின் வரைபடமின்றி வாய்க்காலின் உடைப்பைத் தேடுவார் யார்?

இவ்வாராய்ச்சியால் நாம் கொள்ளத்தக்க பயன்கள் இரண்டு. மனப்பாடம் வாராத மாணவனை மந்தனென்று ஒதுக்கற்க; அவன் கைத்திறன் ஞாபகத்தின் மற்றொரு கூறேயாம். மறதியுற்ற பாட்டனாரையும் பாட்டியாரையும் ‘இப்போதுதானே சொன்னேன்’ என்று கடியற்க. இழந்தது சில அணுக்களின் தொழிலேயன்றி அவர்தம் மனிதத்தன்மை அன்று. அவர்பால் எஞ்சியுள்ள பாட்டையும் கைவேலையையும் பழங்கதையையும் கேட்டறிந்து உடனிருத்தல், கற்றோர் கடமையாகும்.