மன்னாவும் றப்பர் பாலும்: நாளையை நோக்கி, இன்றை மறவாமல்

பாடத்தின் நோக்கம்: முன்னேற வேண்டும் என்ற ஆசையையும் அன்றாட வாழ்வின் நன்மைகளை உணரும் மனத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்காமல் வாழக் கற்றல்.

வாசிக்க: யாத்திராகமம் (விடுதலைப் பயணம்) 16 ஆம் அதிகாரம்.

1. நமது நிலை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எந்தத் தோட்டத்து லயத்திற்குப் போனாலும் இதே பேச்சுத்தான். பிள்ளை சாதாரண தரத்தில் சித்தியடைய வேண்டும், தனி வீடு கட்ட வேண்டும், கடனை அடைக்க வேண்டும். இதற்காக மகன் கொழும்புக் கடைக்குப் போகிறான். தாய் பணிப்பெண்ணாக வெளிநாடு போகிறாள். கைக்குழந்தையை அம்மாயி வளர்க்கிறாள். வீடு எழும்பி முடியும்போது, அந்தக் குழந்தை தாயைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்வதும் உண்டு.

இந்த ஆசைகள் தவறானவையா? அல்ல. “உள்ளதே போதும்” என்ற உபதேசம் நம் மக்களுக்குப் போதுமான அளவு சொல்லப்பட்டுவிட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் உரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1000 ரூபா நாட்சம்பளமும் பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2021 இலேயே வந்தது. ஆசைப்படாதவர்களுக்கு இவற்றில் ஒன்றும் கிடைத்திராது. ஆகவே, ஆசையை விடுவது எப்படி என்பதல்ல நம் கேள்வி. ஆசைக்காக எதைக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

2. வேதம் காட்டும் வழி

இஸ்ரயேல் மக்கள் அடிமை வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள். அவர்களுக்கு ஓர் இலக்கு இருந்தது. அதை அடைய 40 ஆண்டுகள் பிடித்தன. அந்த 40 ஆண்டும் அவர்களை உயிரோடு வைத்தது காலைதோறும் தரையில் கிடந்த மன்னா. அன்றைக்குத் தேவையானதை அன்றே பொறுக்க வேண்டும். பயந்து மறுநாளுக்கு மீத்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கும்படி கட்டளை வந்தது. அது கெடவில்லை. ஏழாம் நாள் ஓய்வு.

இங்கே திட்டமிட்ட சேமிப்பு கண்டிக்கப்படவில்லை. நாளைய பயத்தால் இன்றைய அப்பத்தைக் கெடுப்பதே கண்டிக்கப்படுகிறது.

3. மலை கற்பிக்கும் பாடம்

இதை நம் றப்பர் மலையிலும் காணலாம். கன்று நட்டு, தண்டு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் சுற்றளவு பருக்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரை பொறுமை வேண்டும். ஆனால் பால் வெட்டத் தொடங்கியபின் விடியற்காலை வெட்டியாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். வழக்கமாக ஒருநாள் விட்டு ஒருநாளே வெட்டுவர். பேராசையால் ஓய்வின்றி வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். ஆண்டுக்கணக்கான பொறுமை, அன்றைய விடியல், இடையே ஓய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சிரட்டை நிறையும். குடும்பமும் அப்படியே.

4. ஒரு முன்மாதிரி

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) பூண்டுலோயா மடக்கும்புறத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 இல் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். தொழிற்சங்கவாதியாக உழைத்தார். இவற்றோடு, தாலாட்டிலும் கொழுந்து மலையிலும் மக்கள் பாடிய பாட்டுகளைக் காதுகொடுத்துக் கேட்டுத் திரட்டி நூலாக்கினார். உரிமைக்குப் போராடியவருக்குத் தாலாட்டு சிறியதாகத் தோன்றவில்லை. யாருடைய வாழ்வு உயர வேண்டும் என்று உழைத்தாரோ, அவர்களது வாழ்வு அப்போதே மதிப்புள்ளது என்பதை அவர் அறிந்திருந்தார்.

5. வீட்டில் செய்யக்கூடியவை

• இலக்கை எழுதுங்கள். எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு என்று எல்லை குறியுங்கள். எல்லையில்லாத இலக்கு வீட்டையே விழுங்கிவிடும்.
• வெளிநாடு செல்லுமுன் குடும்பமாகக் கூடிப் பேசுங்கள். பிள்ளையை யார் பார்ப்பது, காசு யார் பேரில் வங்கியில் இருக்கும், எந்த நாளில் தொலைபேசியில் பேசுவது, எப்போது திரும்புவது என்பவற்றை முடிவு செய்யுங்கள்.
• வாரத்தில் ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். அப்போது தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வேண்டாம்.
• பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் புள்ளியைக் கேட்குமுன், “இன்றைக்கு என்ன விளையாடினாய்?” என்று கேளுங்கள்.

6. குழுவில் கலந்துரையாட

அ. நம் தோட்டத்தில் இளைஞர் வெளியே போவதற்கான காரணங்கள் எவை? அவற்றில் தோட்டத்திலேயே மாற்றக்கூடியவை எவை?
ஆ. “உள்ளதே போதும்” என்று நமக்குச் சொல்பவர் யார்? அதனால் யாருக்கு நன்மை?
இ. சென்ற வாரத்தில் நீங்கள் கவனியாமல் விட்ட ஒரு நன்மையைச் சொல்லுங்கள்.

செயற்பாடு: தாய் அல்லது தந்தை வெளியூரில் இருக்கும் வீடுகளைக் குழுவினர் கணக்கெடுங்கள். அடுத்த கூட்டத்திற்குமுன் வீட்டுக்கு ஒருவராகச் சென்று, அம்மாயியோடும் பிள்ளைகளோடும் ஒரு மாலை இருந்துவிட்டு வாருங்கள்.