ஒரே துப்பாக்கி, இரண்டு மரியாதை

கேள்வி: கோவையில் லேத் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாலிப வயதில் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கையில் வின்செஸ்டரைப் பார்த்து ஏங்கியதுண்டு. சென்ற ஆண்டு பென்சில்வேனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் வேட்டைத் துப்பாக்கிகளைக் காட்டினார். வின்செஸ்டர் 94 இரண்டு. ஒன்று 1951இல் செய்தது, மற்றது 1968இல். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவரோ முதலாவதை மட்டும் "அறுபத்து நாலுக்கு முந்தியது" என்று சாமி சிலையை எடுப்பதுபோல எடுத்தார். விலையும் அதற்குத்தான் அதிகமாம். அந்தக் காலத்தில் கையால் இழைத்துச் செய்தார்களா? அல்லது அரிதாகிவிட்டதா? பழையதில் அங்கங்கே கருநிறம் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. அடுத்த முறை போகும்போது பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தரலாம் என்றிருக்கிறேன். செய்யலாமா?

பதில்: லேத் பிடித்த கைக்கு இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. பதிலில் பாதி உங்களுக்கே தெரிந்ததுதான். கடைசிக் கேள்விக்கு மட்டும் சற்றுப் பொறுங்கள்.

முதலில் 'அரிது' என்பதைத் தள்ளிவிடலாம். இந்த மாடல் 1894இல் வந்தது. பத்து லட்சமாவது துப்பாக்கி 1927இல் அதிபர் கூலிஜுக்குப் பரிசாகப் போனது. பதினைந்து லட்சமாவது 1948இல் ட்ரூமனுக்கு. இருபது லட்சமாவது 1953இல் ஐசன்ஹோவருக்கு. 1963 முடிவதற்குள் இருபத்தைந்து லட்சத்தைத் தாண்டியாயிற்று. மான் வேட்டைக்குப் போகும் அமெரிக்கக் குடும்பங்களில் தாத்தாவின் 94 ஒன்று அலமாரியில் இருப்பது சாதாரணம். கிடைக்காத பொருள் இல்லை.

'கையால் செய்தது' என்பதும் சரியல்ல. இரண்டுமே கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் ஒரே ஆலையில் வரிசை வரிசையான எந்திரங்களில் பிறந்தவை. வடிவமைப்பும் ஒருவருடையதே: யூட்டா மாநிலம் ஆக்டனைச் சேர்ந்த ஜான் பிரவுனிங். விசையைச் சுற்றியுள்ள வளையத்தோடு சேர்ந்த லீவரைக் கீழே தள்ளினால் சுட்ட கூடு மேல்வழியாகத் தெறிக்கும், பின்னாலிருக்கும் சுத்தி மடங்கி நிற்கும். லீவரை மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். 1951இலும் இதுதான், 1968இலும் இதுதான். இதனால் இன்னொரு வதந்தியும் பொய்யாகிறது. 64க்குப் பிந்தையது குறி தவறும் என்பார்கள். தவறாது. நூறடி தூரத்து மானுக்கு எந்த ஆண்டின் துப்பாக்கி தன்னைச் சுட்டது என்று தெரியப்போவதில்லை.

பிறகு என்னதான் வித்தியாசம்? எந்திரங்களுக்கு முன் நின்றவர்களின் சம்பளத்தில் தொடங்குகிறது கதை.

துப்பாக்கியின் நடுவே இருக்கும் தட்டையான பெட்டிக்கு ரிசீவர் என்று பெயர். எல்லாப் பாகங்களும் இதற்குள்தான் அடக்கம். எஃகுக் கட்டியை மில்லிங்கில் ஏற்றி, இறக்கி, திருப்பி ஏற்றிக் குடைந்தெடுக்க வேண்டும். எத்தனை செட்டிங், எத்தனை கட்டர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1894இல் ஆள்கூலி மலிவு, கட்டுப்படியாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூலி ஏறியது. அதே சமயம் ரெமிங்டன் கம்பெனி, குறைந்த எந்திர வேலையில் முடிக்கும்படி வடிவமைத்த துப்பாக்கிகளோடு சந்தைக்கு வந்துவிட்டது. வின்செஸ்டரால் விலையை ஏற்ற முடியவில்லை, பழைய முறையில் செய்து லாபமும் பார்க்க முடியவில்லை. செலவைக் குறைக்க முடிவெடுத்தார்கள். 1964இல் மாற்றங்கள் வந்தன.

மாறியவற்றில் முக்கியமானது கேரியர். குழல் மேகசின், அதாவது சுடுகுழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும் குழாய். அதிலிருந்து வரும் தோட்டாவை ஏந்தி, அது வெடிக்கும் அறையின் வாய்க்குத் தூக்கிக் கொடுக்கும் கரண்டிதான் கேரியர். முன்பு அது கட்டி எஃகு. 1964இல் தகட்டை வெட்டி மடித்த துண்டாகிவிட்டது. கட்டியான பின்கள் இருந்த இடத்தில் ரோல் பின் வந்தது. தகட்டைச் சுருட்டிச் செய்த, உள்ளே கூடான பின் அது. லீவரை இழுத்தால் பழையதில் 'களக்' என்று ஒரே சத்தம். புதியதில் கலகலவென்று நாலு சத்தம் என்று வேட்டைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

ரிசீவரின் உலோகத்தையும் மாற்றினார்கள். இங்கே புளூயிங் பற்றி ஒரு வார்த்தை. எஃகின் மேல் வேண்டுமென்றே உண்டாக்கும் மெல்லிய கருநீல ஆக்சைடுப் படலம் அது. கெட்ட துருவைத் தடுக்க நல்ல துருவைக் குடிவைக்கும் தந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய உலோகக் கலவை இந்தப் படலத்தை ஒழுங்காக ஏற்கவில்லை. எனவே மேலே இரும்பு முலாம் பூசி, அதன்மேல் நிறம் ஏற்றினார்கள். அந்த முலாம் தேய்ந்தபின் வழக்கமான முறையில் மறுபடி நிறமேற்றப் போனால், நாவல்பழக் கறைபோல ஒரு நிறம்தான் மிஞ்சும்.

கம்பெனிக்கும் விஷயம் புரியாமலில்லை. எழுபதுகளிலேயே தகட்டுக் கேரியரைக் கைவிட்டுக் கட்டி எஃகுக்குத் திரும்பினார்கள். ஆனால் 'அறுபத்து நாலு' என்ற சொல் அதற்குள் வாங்குவோர் வாயில் நிலைத்துவிட்டது. நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது. இப்போது அதே மாடலை அதே பெயரில் ஜப்பானின் மிரோகு நிறுவனம் செய்து தருகிறது. வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. இருந்தும் பக்தர்களின் மனம் இறங்கவில்லை என்பது வேறு கதை.

அடுத்த முறை இரண்டையும் பார்க்கும்போது, உள்ளே தோட்டா இல்லை என்று பெரியவர் உறுதி செய்தபின், லீவரைத் திறந்து கீழிருந்து பாருங்கள். கேரியர் மடித்த தகடா, குடைந்தெடுத்த கட்டியா என்று தெரிந்துவிடும். பின்களின் முனையில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் வேண்டாமென்றால் தொடர் எண் போதும்: 27 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 64க்குப் பிந்தையது.

இனி பாலிஷ். நிறம் தேய்ந்திருப்பது ரிசீவரின் அடிப்பக்கத்திலும் ஓரங்களிலும்தானே? 94ஐ ஒரு கையில் தூக்கினால் எடை சமமாக நிற்கும் இடம் அதுவே. மூன்று கிலோ சொச்சம் எடை, பக்கங்கள் தட்டை, உள்ளங்கையில் அடங்கிக்கொள்ளும். எழுபது ஆண்டுகளாக யாரோ அந்த இடத்தைப் பிடித்துக் காட்டில் நடந்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான். எமரி படுவது ரிசீவரின் கூரான விளிம்புகளை மழுக்கும், பொறித்த எழுத்துகளை மங்கவைக்கும். புதிதாக நிறமேற்றிய பழைய வின்செஸ்டரை வாங்க வருபவர் முதலில் கேட்பது, எவ்வளவு குறைப்பீர்கள் என்றுதான்.

ஆகவே ஐயா, தொடாதீர்கள். துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துக் கொடுங்கள், அது போதும்.