தரவுத்தள மேம்பாடும் தமிழ் எழுத்துச் சிதைவும்

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 'அ' என நாம் தட்டச்சு செய்வதை அஃது எண்களாகவே குறித்து வைத்துக்கொள்கிறது. எந்த எண் எந்த எழுத்தைச் சுட்டும் என்னும் உடன்பாடே குறியீட்டு முறை எனப்படும். உடன்பாடு மாறுமாயின், எண் மாறாதிருந்தும் எழுத்து மாறிவிடும். நூலகப் பட்டியலையும் மாணவர் பதிவேட்டையும் தமிழில் வைத்திருப்போர், தரவுத்தள மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் நாளில் இவ்வுண்மையை நேரில் காண்பர். நேற்றுவரை செவ்வையாய்த் தோன்றிய பெயர்கள் ஒரே இரவில் பொருளற்ற குறிகளாகிவிடும்.

பலரும் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தையே சான்றாகக் கொள்வோம். 2004ஆம் ஆண்டில் நிலைபெற்ற 4.1 பதிப்பிலிருந்துதான் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனிக் குறியீட்டு முறையைச் சுட்டும் வசதி இதில் வந்தது. எதையும் சுட்டாவிடில் மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய லத்தீன்-1 என்பதே முத்திரையாக விழும். 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் ஒருங்குறி இயல்நிலை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ தமிழ்ப் பதிவுகள் லத்தீன் முத்திரையின் கீழ்க் குடியிருந்தன.

குடியிருந்தும் அவை பிழையின்றித் தோன்றியது எவ்வாறு? ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் 'அ' என்பது 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகள். பயன்பாட்டு நிரலும் தன்னை லத்தீன் என்றே அறிமுகம் செய்துகொண்டது. பத்தியும் லத்தீன் என்றது. ஆகவே தரவுத்தளம் எதையும் மாற்றாமல் அம்மூன்றையும் வாங்கி வைத்தது. கேட்டபோது அப்படியே திருப்பித் தந்தது. இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. புதிய பதிப்பில் நிரல் தன்னை ஒருங்குறி என்று அறிவித்தவுடன், தரவுத்தளம் தன் கடமையைச் செய்கிறது: லத்தீனை ஒருங்குறியாக மொழிமாற்றுகிறது. அப்போது 224 மேற்குறியிட்ட ஆங்கிலச் சிற்றெழுத்தாகவும், 174 வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' ஆகவும், 133 மூன்று புள்ளிகளாகவும் காட்சி தருகின்றன. மேம்பாடு தரவைக் கெடுக்கவில்லை. முன்பே இருந்த பொய் முத்திரையை வெளிப்படுத்திற்று, அவ்வளவே.

பெருங்கேடு இதன் பின்னர்த்தான் நேர்கிறது. பதற்றத்தில், அட்டவணை முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றுமாறு கட்டளையிடுவோர் உண்டு. அக்கட்டளை பொய் முத்திரையை மெய்யென நம்பி, ஒரே 'அ'வை ஏழு பைட்டுகளாக எழுதிவைக்கும். இதையேனும் பின்னோக்கி அவிழ்க்கலாம். லத்தீன் பத்தியில் ஒருங்குறி நிரல்வழிப் புதிய தமிழ்ப் பெயர்களைப் பதிந்தாலோ, கண்டிப்பு முறை இயங்காத இடத்தில் எழுத்துதோறும் ஒரு வினாக்குறி நிற்கும். வினாக்குறியிலிருந்து பெயரை எந்த மருத்துவமும் மீட்காது. குழம்பிய குறிகள் நோயின் அடையாளம். வினாக்குறி உயிர் பிரிந்ததன் அடையாளம்.

முறையான வழி எளியது. முதலில் பதிவுகளை நிறுத்தி, முழுப் படியொன்றை எடுத்துவைத்தல் வேண்டும். அடுத்து, பத்தியை எழுத்து வகையினின்றும் வெறும் இரும வகைக்கு மாற்றவேண்டும். இரும வகைக்கு எழுத்துணர்வு இல்லையாதலின் பைட்டுகள் தீண்டப்படா. பிறகு அதனை ஒருங்குறி முத்திரையுடன் மீண்டும் எழுத்து வகையாக்க வேண்டும். முத்திரை மட்டும் மாறும். உள்ளடக்கம் இருந்தபடியே இருக்கும். முதலில் ஒரு பத்தியின் படியில் செய்து பார்த்தல் நலம்.

இங்கே ஓர் இடர்ப்பாடு. 'முஹம்மது' என்னும் பெயர் கண்ணுக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறியில் எட்டுக் குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டு வீதம் இருபத்து நான்கு. இருபது பைட்டே கொள்ளும் பழைய பத்தியில் 'முஹம்ம' என்பதும், அடுத்த எழுத்தின் முறிந்த துண்டாக இரு பைட்டுகளுமே எஞ்சியிருக்கும். இவ்வாறு வெட்டுண்ட பெயரைக் கணிப்பொறி மீட்க இயலாது. காகிதப் பதிவேட்டைத் திறந்தே எழுதவேண்டும். சான்றிதழில் பெயர் குறைந்து அச்சானால் அலைவது மாணவரன்றோ!

மேற்கூறிய வழி எல்லாத் தரவுக்கும் பொருந்தாது. தகுதரம், 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகிய முறைகளில் உள்ளிட்டவற்றுக்கு முத்திரை மாற்றம் போதாது. மெய்யான மாற்றமே தேவை. அவற்றில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் கிடக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமையும். மைஎஸ்க்யூஎல் இம்முறைகளை அறியாதாகையால் தனி மாற்றி நிரல்வழி வரிசையைத் திருத்திக்கொள்ள வேண்டும். அரபுத்தமிழ் நூற்பெயர்களை அரபு எழுத்திலேயே பதிந்திருப்பின், அவை எந்த அரபுக் குறியீட்டில் உள்ளன என்பதைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

ஒருங்குறியைத் தேர்கையிலும் கவனம் தேவை. மைஎஸ்க்யூஎல் 'யுடிஎஃப்-8' என முதலில் வழங்கியது எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் கொள்ளாது. நான்கு பைட்டு கொள்ளும் வகை 2010இல் வந்தது. நம் உயிரும் மெய்யும் மூன்றில் அடங்கும். ஆயினும் 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்ற முந்திரி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு நான்கு வேண்டும். பழங்கணக்கேடுகளைப் பதிவோர் நான்கு பைட்டு வகையையே கொள்க.

இறுதியாக அகரவரிசையைச் சரிபார்க்க வேண்டும். குறியீட்டு எண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தினால் றன்னகரம் தந்நகரத்தை அடுத்து வந்து நிற்கும்.