எலுமிச்சை மீனை வேக வைக்குமா?

சித்தி மகன் துபாயில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். போன ஆடியில் விடுப்புக்குப் பழனிப் பக்கம் எங்கள் ஊர் தொப்பம்பட்டிக்கு வந்தவன், ஒரு கிலோ கட்லாவையும் பத்து எலுமிச்சம்பழத்தையும் கொண்டுவந்து மேடையில் வைத்தான். “அக்கா, இன்னைக்கு அடுப்பே பத்த வைக்க வேண்டாம். எலுமிச்சையே மீனை வேக வெச்சிரும்.” பெரு நாட்டுச் சாப்பாடாம், செவிச்சே என்று பேராம், அங்கே ஒரு தட்டுக்கு என்ன விலை தெரியுமா என்றெல்லாம் சொல்லிக்கொண்டே கத்தியைத் தீட்டினான். நான் கத்தியை வாங்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அக்கம்பக்கத்திலும் சிலர் இதைச் செய்துகாட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறார்கள். பச்சை மீனை எலுமிச்சையில் ஊறவைத்துச் சாப்பிடலாமா, கூடாதென்றால் அந்தச் சுவைக்கு வேறு என்ன வழி? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காய்ச்சாத பாலில் எலுமிச்சையைப் பிழிந்தால் பால் திரிந்துவிடும். திரிந்த பாலைக் காய்ச்சிய பால் என்று யாராவது குழந்தைக்குக் கொடுப்போமா? மீனிலும் நடப்பது அதுதான். புளிப்பு பட்டதும் சதையின் புரதம் திரிந்து வெளுத்து இறுகுகிறது. வெந்தது போலவே தெரியும். வஞ்சிரத் துண்டு ஒன்றை அரை மணி நேரம் சாற்றில் போட்டு, எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரம் சுண்ணாம்பு வெள்ளை, நடுவில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பச்சைச் சதை. சாறு போய்ச் சேராத அந்த நடுப்பகுதியில் கிருமி அப்படியே இருக்கும். சாறு சேர்ந்த இடத்திலும் புழு சாவதில்லை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் எல்லாமும் ஒழிவதில்லை.

முதலில் எதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிடுகிறேன். அணை மீன், குளத்து மீன், ஆற்று மீன் எதுவும் எலுமிச்சையில் பச்சையாக ஊற வேண்டாம். நமக்குக் கைக்கெட்டும் மீன் இவைதான். பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, கொஞ்சம் தள்ளினால் அமராவதி என்று சுற்றிலும் அணைகள். கட்லா, லோகு, ஜிலேபி, விரால் எல்லாம் துள்ளத் துள்ளக் கிடைக்கும். துள்ளுகிற மீனைப் பார்த்தால் இதைவிடப் புதிது எது என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். புழுவுக்குப் புது மீன், பழைய மீன் என்ற கணக்கு கிடையாது, துள்ளுகிற மீனிலும் அது உயிரோடு இருக்கிறது. தாய்லாந்தின் வடகிழக்கில் கோய் பிளா என்று ஒரு உணவு. பச்சை ஆற்று மீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மூலிகை சேர்த்துப் பிசைவார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டதில் அந்த மீனிலிருந்த ஈரல் தட்டைப்புழு மனிதரின் பித்தநாளத்தில் குடியேறியது. அங்கே பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக இருப்பதற்கு அந்தப் புழு முக்கியக் காரணம். எலுமிச்சை அதைத் தடுக்கவில்லை. நாம் காய்ச்சல்காரருக்குத் தேடி வாங்கிக் கொடுக்கும் விராலில்கூடத் தாய்லாந்தில் இன்னொரு புழு உண்டு. அது மனிதத் தோலுக்கடியில் ஊர்ந்து திரியும், சிலருக்குக் கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடும். நம் நாட்டிலேயே மணிப்பூரில் அரைவேக்காட்டு ஆற்று நண்டால் நுரையீரல் புழு வந்து, அதைக் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்த கதைகள் உண்டு. வயல் நண்டை இடித்து ரசமாகக் கொதிக்கவைத்த நம் பாட்டிமார் செய்ததுதான் சரி. சூஷிக்காரர்களான ஜப்பானியர்கூட ஆற்று விலாங்கைச் சுட்டுத்தான் வைக்கிறார்கள்.

அப்படியானால் கடல் மீன்? இங்கேதான் உண்மையான யோசனை தேவைப்படுகிறது. ஏனென்றால் செவிச்சேயே கடல் மீனுக்கு உரியது. பெருவில் மட்டுமில்லை, ஃபிஜியிலும் கொகோடா என்று இதற்குத் தங்கை உறவில் ஒரு உணவு உண்டு. அங்கே வாலு என்று சொல்லும் மீன் நம் வஞ்சிரமேதான். அதை எலுமிச்சையில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் மக்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாடு அது. ஆனால் அங்கே படகு கரை சேரும் இடத்தில் வீடு. நமக்கோ எந்தக் கடலுக்குப் போனாலும் சாலை வழியே 150 கிலோமீட்டருக்குக் குறையாது. படகில் ஒரு ஐஸ், துறையில் ஒரு ஐஸ், லாரியில் ஒரு ஐஸ், தெர்மாகோல் பெட்டியில் ஒரு ஐஸ். நடுவில் எங்கே எவ்வளவு நேரம் அது உருகிக் கிடந்தது என்று விற்பவருக்கே தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் தடைக்காலம். அந்த 61 நாளில் வருகிற மீன் இன்னும் தூரத்து மீன்.

இந்த ஐஸ் கணக்கு ஏன் முக்கியம் என்றால் சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்கள் குளிர் விட்டுக் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். ஒவ்வாமை என்று நினைப்போம். ஒருமுறை சேர்ந்த ஹிஸ்டமினை எலுமிச்சையும் போக்காது, ஃபிரீசரும் போக்காது, கொதிக்கிற குழம்பும் போக்காது. அதனால் எந்த முறையில் செய்தாலும் மீனை வாங்கும் இடத்தில்தான் பாதி வேலை. செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் புடைத்திருக்க வேண்டும், அமுக்கிய விரல் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். வெட்டித் தோலுரித்த துண்டில் இதில் எதையும் பார்க்க முடியாது. முழு மீனாகப் பார்த்து, கண் முன்னே வெட்டச் சொல்லுங்கள்.

கடல் மீனின் புழுவுக்கு ஒரே பதில் உறைய வைப்பது. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள், அல்லது மைனஸ் 35-இல் கல்லாக உறைந்தபின் 15 மணி நேரம். இது பச்சையாகப் பரிமாறும் மீனுக்கு அமெரிக்க உணவுத் துறை சொல்லும் அளவு. நம் வீட்டு ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிரைத் தொடுவதே இல்லை, கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் செத்தது புழுதான். கிருமி உறைந்து தூங்கி, ஐஸ் விட்டதும் எழுந்துவிடும்.

கிருமி தன் வேலையைப் பெருவிலேயே காட்டியது. 1991 ஜனவரியில் அங்கே காலரா கிளம்பி அந்த ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. கெட்ட தண்ணீரோடு சேர்த்துச் செவிச்சேயின் மீதும் பழி விழுந்தது. எலுமிச்சைப் புளிப்பு காலராக் கிருமியை அடக்கக்கூடியதுதான். ஆனால் எவ்வளவு சாறு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது அது. கழுவிய தண்ணீரும் நறுக்கிய கையும் கெட்டிருந்தால் சாறு என்ன செய்யும்? செவிச்சேயை நான் குறைத்துப் பேசவில்லை. 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மரபு அது, அதற்குரிய கடலும் மீனும் அங்கே பக்கத்தில் இருக்கின்றன. தொப்பம்பட்டியில் இருந்துகொண்டு பச்சை மீன் வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கர்ப்பிணி, சின்னக் குழந்தை, வயதானவர், சர்க்கரையோ ஈரல் நோயோ உள்ளவர் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

நான் தேர்ந்தெடுப்பது இட்லிப் பானை. அரைக் கிலோ வஞ்சிரம் அல்லது கொடுவாவை முள்ளும் தோலும் நீக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குத் துண்டு போடுங்கள். ஈரத்துணி விரித்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு ஐந்தாறு நிமிடம் ஆவி காட்டுங்கள். பெரிய துண்டு ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் கண்ணாடித்தன்மை போய் இதழ் இதழாக விலக வேண்டும். தட்டை எடுத்து, ஆவி அடங்கியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் எலுமிச்சை, சூட்டில் பிழிந்தால் கசக்கும். நான்கு பழச் சாறு, கல் உப்பு, மெல்லிசாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி. கண்ணாடிக் கிண்ணமோ எவர்சில்வரோ போதும், அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. இருபது நிமிடம் ஃபிரிட்ஜிலேயே ஊறட்டும். கொகோடா மாதிரி வேண்டுமென்றால் பரிமாறும்போது கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கப். பச்சை மீன் வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். கத்தியும் கையும் சோப்பில் கழுவிய பிறகுதான் மற்றது. சித்திரை வெயிலில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

இந்த முறையில் கட்லாவுக்கும் இடம் உண்டு. வெந்துவிட்டால் அணை மீனும் நல்ல மீன்தான், முள்தான் தொந்தரவு.

இறால் இன்னும் சுலபம். உப்புப் போட்ட கொதிநீரில் சிவந்து சுருளும்வரை இரண்டு மூன்று நிமிடம், வடித்துக் குளிரவைத்து எலுமிச்சை. ஈக்வடாரில் இறால் செவிச்சேயை வேகவைத்துத்தான் செய்கிறார்கள். அதனால் இது போலி என்று யாரும் சொல்ல முடியாது.

மீனே வாங்க முடியாத நாளில் மாசிக் கருவாடு இருக்கிறது. சூரையை அவித்து, புகை காட்டி, கட்டை போலக் காயவைத்தது. அதை இடித்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் சேர்த்து எலுமிச்சை பிழிந்தால் இலங்கைத் தமிழர் வீட்டுச் சம்பல். மாலத்தீவில் காலைச் சாப்பாடே கிட்டத்தட்ட இதுதான். நாள்பட வைத்துச் சாப்பிட நினைப்பவர்களுக்கு மீன் ஊறுகாய். அதற்கு மீனைப் பொரித்தே ஆக வேண்டும், புளிப்புக்கு எலுமிச்சையைவிட வினிகர் நம்பிக்கையானது, பாட்டிலை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

சித்தி மகனிடம் அன்று இதையெல்லாம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. கட்லாவைக் குழம்பு வைத்தோம். மறுவாரம் அவனே பழனி போய் இறால் வாங்கி வந்து, இட்லிப் பானையைக் கேட்டு வாங்கினான். கிண்ணத்தின் அடியில் நின்ற சாற்றைப் பெருவில் புலிப்பால் என்று சொல்லிக் குடிப்பார்களாம். வெந்த இறாலின் சாறு என்பதால் நானும் தடுக்கவில்லை. சித்தி அதைக் கம்பங்கூழில் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு, “இன்னுங்கொஞ்சம் இருக்குதா கண்ணு?” என்று கிண்ணத்தை நீட்டினாள்.