உப்புக்காற்றில் ஒரு கட்டுமானப் பாடம்



நம் பாலிடெக்னிக்கில் டூர் என்றாலே ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். நோட்டீஸ் போர்டில் 'தொழிற்சாலைப் பார்வை' என்று எழுதுவோம். வழியில் ஏதாவது ஒரு மில் வாசலில் பஸ்ஸை நிறுத்தி குரூப் போட்டோ எடுப்போம். அப்புறம் படகுச் சவாரி, பைன் மரம், சாக்லேட். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதே இரண்டு நாளில், அதைவிடக் குறைந்த செலவில், சிவில், மெக்கானிக்கல் இரண்டு பிரிவுக்கும் பாடமாக அமையும் ஒரு பயணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இராமநாதபுரத்தில் ஆரம்பித்து, பாம்பனைத் தாண்டி, தனுஷ்கோடியில் முடிகிறது. நாங்கள் பதினான்கு பேர், ஒரு விரிவுரையாளர் துணையோடு போய் வந்தோம். அடுத்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இராமநாதபுரம். பெரும்பாலானோர் இந்த ஊரை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. இறங்கி அரண்மனைக்குப் போங்கள். அங்கே இராமலிங்க விலாசம் என்ற மாளிகை இருக்கிறது. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்தது. சுவர், தூண், விதானம் எல்லாம் ஓவியம். சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போர், அரசரைப் பார்க்க வந்த ஐரோப்பியர், இராமாயணக் காட்சிகள் என்று ஒரு இடம் விடவில்லை. இவை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. ஓவியத்தைப் பார்த்து முடித்ததும், ஓவியம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு! கடல் அதிக தூரம் இல்லாத ஊரில் ஏறத்தாழ முந்நூறு வருடம் தாக்குப்பிடித்த பூச்சு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தனுஷ்கோடியில் வேண்டியிருக்கும்.

அடுத்தது பாம்பன். மண்டபம் தாண்டியதும் சாலைப் பாலம் ஏறுகிறது. 1988இல் திறந்த இந்தப் பாலத்தின் உச்சியில் நின்றால் பக்கத்தில் ரயில் பாதை தெரியும். நாங்கள் போனபோது பழைய பாலமும் புதிய பாலமும் அருகருகே நின்றன. கடல்பொறியியலில் நூறு வருட வித்தியாசத்தை இப்படி ஒரே பார்வையில் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

பழைய பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கப்பல் போக நடுவில் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்த தூக்கு ஸ்பான். இரண்டு இறக்கைகள். ஒவ்வொன்றின் அடிப்பாகமும் வளைந்திருக்கும், பின்பக்கம் எதிர் எடை. ஆடும் நாற்காலி பின்னால் சாய்வதுபோல் இறக்கை உருண்டு மேலே எழும். எடை சமன் ஆகிவிடுவதால் ஆட்கள் லீவரைப் பிடித்துச் சுற்றியே இதைத் திறந்தார்கள். மோட்டார் கிடையாது. மெக்கானிக்கல் நண்பர்களே, நமது அப்ளைடு மெக்கானிக்ஸ் புத்தகத்தில் 'திருப்புத்திறன்' என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்ட விஷயம்தான் இது.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறந்தார்கள். நீளம் 2.08 கி.மீ. இதில் 72.5 மீட்டர் ஸ்பான் அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகிறது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் தூக்கும் முறை மட்டுமல்ல. துருவை எதிர்கொள்ளும் முறை. புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள், கடல்காற்றைத் தாங்கும் தனி வகைப் பெயிண்ட். ரிவெட் இணைப்பில் இரண்டு தகடுகளுக்கு நடுவே உப்புநீர் புகுந்து உட்காரும். வெல்டிங்கில் அந்த இடுக்கே இல்லை. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

இராமேஸ்வரம் கோவிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒரே விஷயம். மூன்றாம் பிராகாரத்தின் கிழக்கு மேற்கு நீளம் ஏறத்தாழ 690 அடி. தீவிலோ கருங்கல் கிடையாது, மணலும் பவளக்கல்லும்தான். பாலம் இல்லாத காலத்தில் அத்தனை கல்லும் கடல் தாண்டி வந்திருக்கிறது. தூண்களை எண்ணுவதை விட்டுவிட்டு இதை யோசியுங்கள்!

இனி தனுஷ்கோடி. இராமேஸ்வரத்தில் ஒரு வேன் அமர்த்தினோம். எங்களோடு வழிகாட்டியாக ஒரு மீனவப் பெரியவர் ஏறிக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர். சிறுவனாக அந்த ஊரில் வாழ்ந்தவர். எங்கள் விரிவுரையாளர் அவரை "ஐயா" என்றார், நாங்கள் "தாத்தா" என்றோம். வழியில் இடதுபக்கம் தெரியும் கோதண்டராமர் கோவிலைக் காட்டி, "புயல்ல தப்புனது இது ஒண்ணுதான் தம்பிகளா" என்றார். சாலையின் இருபுறமும் கடல். ஒருபுறம் ஏரிபோல அமைதி, மறுபுறம் அலை. அமைதியானதைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். "அது எப்பவும் அப்படி இல்ல தம்பி, வாடைக்காத்து வந்தா பெண்கடலும் பேயாட்டம் ஆடும்" என்று சிரித்தார். வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் நீரிணைப் பக்கமும், தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கமும் கொந்தளிக்கும் என்று நாம் பூகோளத்தில் படித்ததைத்தான் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு போகலாம். போட் மெயில் என்ற பெயர் அதனால் வந்ததுதான். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. ஊரும் போனது.

காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. வரை இருந்திருக்கும் என மதிப்பிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நமது ஐ.எஸ். 875 சொல்லும் சூத்திரம், வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கு என்பது. 280 கி.மீ. என்றால் வினாடிக்கு 77.8 மீட்டர். வர்க்கம் சுமார் 6,050. பெருக்கினால் சதுர மீட்டருக்கு 3,630 நியூட்டன், அதாவது சுமார் 370 கிலோ எடை. ஒரு சதுர மீட்டர் சுவர்மேல் ஐந்தாறு பேர் சாய்ந்து தள்ளுவதுபோல! வேகம் பாதியானால் அழுத்தம் பாதியாகாது, கால்பங்காகும். வைவாவில் இந்தக் கேள்வி வந்தால் தனுஷ்கோடியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு கடலும் ஏழு மீட்டர் வரை எழுந்து வந்தது என்கிறார்கள். தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு கனமானது. எனவே ஊரை அழித்ததில் பெரிய பங்கு தண்ணீருக்குத்தான் என்பது என் கருத்து.

அப்படியானால் தேவாலயத்தின் சுவர் எப்படி இன்னும் நிற்கிறது? அங்கேதான் நாங்கள் ஒரு மணி நேரம் செலவிட்டோம். கூரை இல்லை. கதவு, ஜன்னல் இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டை. சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், செங்கல் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பவளக்கல், தேன்கூடு போலத் துளைதுளையாக. இடையில் சுண்ணாம்புக் காரை. பவளக்கல் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகியபின் அதுவும் கால்சியம் கார்பனேட். கல்லும் காரையும் ஒரே பொருள்! கல்லின் துளைகளுக்குள் காரை புகுந்து பிடித்துக்கொள்கிறது. உள்ளே துருப்பிடிக்க இரும்பு இல்லை. இரும்பு துருவானால் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும், சுற்றியுள்ள காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடற்கரை ஊர்களில் இருபது வருட வீட்டின் சன்ஷேடு உதிர்வதற்குக் காரணம் இதுதான். இங்கே ஏறத்தாழ அறுபது வருடமாகப் பராமரிப்பே இல்லாத சுவர் நிற்கிறது. ஜன்னலும் கதவும் திறந்துகொண்டதால் வெள்ளம் உள்ளேயும் புகுந்து இருபக்க அழுத்தமும் ஓரளவு சமமாகியிருக்கும் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. இதற்காக இனி எல்லோரும் பவளக்கல்லில் வீடு கட்டலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். காரையைப் பற்றிப் படியுங்கள், அது போதும்.

அந்த நேரத்தில் வேறு ஏதோ ஊரிலிருந்து வந்த இரண்டு பையன்கள் சாவியால் சுவரில் பெயர் கீறிக்கொண்டிருந்தார்கள். தாத்தா சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய், "தம்பி, இது கோயில் சுவரு. இதுக்குள்ள ஓடி வந்து நின்ன சனத்துல எங்க ஆளுகளும் உண்டு. பேரு எழுதறதா இருந்தா அவங்க பேரைத்தான் எழுதணும்" என்றார். பையன்கள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். கொஞ்ச நேரம் எங்களில் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

தண்ணீர் பற்றியும் சொல்லவேண்டும். மீனவர் குடிசைகளுக்குப் பக்கத்தில் மணலில் சிறு குழி தோண்டியிருக்கிறார்கள், ஊற்று என்கிறார்கள். இருபுறமும் கடல் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர்! குடித்துப் பார்த்தோம். உப்பு இல்லை. மழைநீரின் அடர்த்தி 1, கடல்நீரின் அடர்த்தி 1.025. இலேசான நல்ல தண்ணீர் மணலுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி இருக்கலாம். ஆனால் இவ்வளவு ஒடுங்கிய மணல்திட்டில் அந்த அளவு தேறாது. "கையால அள்ளுற வரைக்கும் நல்ல தண்ணி. ஆசைப்பட்டு ஆழமாத் தோண்டுனா உப்பு ஏறிடும்" என்றார் தாத்தா. போர்வெல் போட்டு மோட்டார் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இப்போது எனக்கு உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அதே புயலில் பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பான்களின் கர்டர்கள் கடலில் விழுந்தன. தூக்கு ஸ்பான் தப்பியது. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்று ரயில்வே இலக்கு வைத்தது. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில், கடலுக்குள் கிடந்த கர்டர்களையே தூக்கியெடுத்துப் பொருத்தி, 46 நாளில் ரயில் ஓடவிட்டார்கள். நம் துறையில் இருப்பவர்கள் பெருமைப்பட வேண்டிய வேலை. தனுஷ்கோடியையோ வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் இராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. நகரும் மணல்திட்டில் மறுபடி ஒரு ஊரைக் கட்டாதது பொறியியல்படி சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் கடலை நம்பிப் பிழைப்பவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டாயிற்று. விடுமுறை நாளில் வேனும் காருமாக வரிசை நிற்கிறது. வாழத் தகுதியில்லாத இடம், வந்து பார்க்க மட்டும் எப்படித் தகுதியானது? தாத்தாவிடம் கேட்டோம். "ரோடு வந்தது நல்லதுதான் தம்பி. முந்தி பிரசவ வலின்னா மணல்ல தூக்கிட்டு ஓடணும். இப்ப வண்டி வருது. வீடு வரல, ரோடு வந்திருக்கு" என்றார். அதற்கு மேல் எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. அதற்கப்பால் மணல், அப்புறம் இரண்டு கடலும் கலக்கும் இடம். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தலைமன்னார். அழகை நான் வர்ணிக்கப் போவதில்லை, எனக்கு அது வராது. நீரோட்டம் பலமாக இருக்கும், இறங்கிக் குளிக்காதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையிலேயே கிளம்புங்கள், மாலையானால் போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிழல் என்பதே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துப்போனால் சுவரின் கனம், ஜன்னல் அளவு எல்லாம் குறித்து வரலாம், சர்வே பிராக்டிகலுக்கு நல்ல பயிற்சி. சங்கு, பாசிமணி விற்கும் அம்மாக்களிடம் ஏதாவது வாங்குங்கள். அங்கேயே மீன் பொரித்துத் தருவார்கள், சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் காற்றோடு மணலும் சேர்ந்துவிடும்.