செவ்வண்டு காயத்தின் வழியே வருகிறது

சிலாபத்திலிருந்து மாதம்பை, மாரவில, லுணுவில என்று தெற்கே நீளும் தென்னந்தோட்டங்களில் இளமரம் ஒன்றின் வட்டு முறிந்து தொங்கினால், “நேற்றுவரை நன்றாக நின்ற மரம், ஒரே இரவில் செவ்வண்டு தின்றுவிட்டது” என்பார்கள். நேற்று அந்த மரம் நன்றாக இருக்கவில்லை, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தது, அவ்வளவுதான். செவ்வண்டு எனப்படும் சிவப்புக் கூன்வண்டின் பெண், மரத்தில் காயம் கண்ட இடத்தில் முட்டையிடுகிறது. தன் ஆயுளில் இருநூறுக்கும் மேல் இடும். மூன்று நாள் அளவில் பொரிக்கும் கால்களற்ற புழு, ஒன்று முதல் மூன்று மாதம்வரை தண்டுக்குள்ளேயே குடைந்து தின்று, பிறகு தென்னை நாரையே சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. வட்டு சாய்வது இந்தக் கதையின் கடைசிக் கட்டம். அப்போது மருந்துக்கு ஓடுவதில் பயனில்லை. செவ்வண்டை வெல்வது மருந்தைவிடக் கண்காணிப்பைப் பொறுத்தது என்பதற்கு இதுவே முதல் ஆதாரம்.

இரண்டாவது ஆதாரம் தென்னையைத் தாக்கும் இன்னொரு வண்டான கருவண்டிடம் இருக்கிறது. கருவண்டையும் செவ்வண்டையும் ஒரே கணக்கில் வைத்து, இரண்டுக்கும் ஒரே வைத்தியம் தேடுவது பரவலான பிழை. கருவண்டின் புழுவுக்குக் கால்கள் உண்டு. அது வளர்வது எருக்குவியலிலும் உக்கிய மரக்குற்றியிலும். வளர்ந்த வண்டுதான் குருத்தைத் துளைத்து உண்கிறது. விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வடு தெரிவது அதனால்தான். ஆனால் அது விட்டுப்போகும் துளைதான் செவ்வண்டுக்குத் திறந்த கதவு. ஆகவே எருக்குழியைக் கிளறிப் புழு பொறுக்குகிறவர் செவ்வண்டையும் சேர்த்தே தடுக்கிறார். மற்றக் கதவுகளைத் திறப்பது நாமே: ஏறுவதற்காகத் தண்டில் வெட்டும் படிகள், அடியில் படும் மண்வெட்டி வெட்டு, பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட அறுக்கும் வழக்கம். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து நான்கடி அளவு விட்டு வெட்டும்படி பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகள் சொல்வது இதற்காகத்தான். வெட்டிய இடத்தில் முட்டையிட்டாலும் புழு தண்டை எட்டுவது கடினம்.

வட்டில் உப்புப் போட்டால் செவ்வண்டு அண்டாது என்ற நம்பிக்கைக்கு வருவோம். தென்னைக்குக் குளோரைட்டு தேவை என்பதால், அடியில் இடும் உப்பு சில மண்ணில் உரமாக உதவுவது உண்மை. அந்த உண்மை மரமேறி வேறொன்றாகிவிட்டது. தண்டுக்குள் கிடக்கும் புழுவுக்கும் மட்டை இடுக்கில் கிடக்கும் உப்புக்கும் சந்திப்பே கிடையாது. மட்டை இடுக்கில் மணலோடு வேப்பங்கொட்டைத் தூள் கலந்து இடுவது வேறு விஷயம். அது கருவண்டைத் தடுக்கும் முறை, இளமரங்களில் பயன் தருவது.

பொறி வைத்தால் போதும் என்பதும் அரை உண்மையே. ஆண் கூன்வண்டு வெளியிடும் கூட்டுவாசனைப் பொருள் 1993இல் இனங்காணப்பட்டு, இன்று வாளிப் பொறிகளில் பயன்படுகிறது. ஆணும் பெண்ணும் அதை நாடி வரும். வரும் வண்டெல்லாம் வாளிக்குள் விழும் என்று யார் சொன்னது? கரும்போ தென்னந்துண்டோ போட்ட இரையை மாற்றாமல், தண்ணீர் வற்றவிட்டு, இளந்தென்னையிலேயே பொறியைக் கட்டித் தொங்கவிட்டால் விருந்தாளியை வீட்டுக்கு அழைத்ததாகிவிடும். பொறி முதலில் ஒரு கணக்கெடுப்புக் கருவி. அமெரிக்கக் கோல்ஃப் மைதானப் புல்லைத் தாக்கும் இன்னொரு கூன்வண்டு இனத்திலும் இதே பாடம்தான். அங்கே புல்லில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, மேலே வரும் வண்டுகளை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணாமல் திரும்பத் திரும்பத் தெளித்த இடங்களில் வண்டு மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது.

“ஊசி மருந்து போட்டு மரங்கள் பிழைத்திருக்கின்றனவே” என்பது நியாயமான மறுப்பு. பிழைத்தவை குருத்து அழியுமுன் கண்டுபிடிக்கப்பட்டவை. இலங்கையில் 1995 முதல் மிகை நச்சுடைய பூச்சிகொல்லிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு, காய் பறிக்க எத்தனை நாள் பொறுப்பது என்பதைக் கடைக்காரரிடமல்ல, தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை அலுவலரிடம் கேட்க வேண்டும். “மரமேறப் பார்க்க ஆளில்லையே” என்ற மறுப்பு அவ்வளவு வலுவானதல்ல. செவ்வண்டு பெரும்பாலும் தாக்குவது 3 முதல் 10 வயதுவரையான மரங்களை. அவற்றின் தண்டைப் பெரும்பாலும் நிலத்தில் நின்றே பார்க்கலாம்: துளை, துளை வாயில் மென்று தள்ளிய நார், கபில நிறக் கசிவு, காதை வைத்தால் கேட்கும் அரைக்கும் ஓசை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை அலுவலரிடம் அல்லது லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்திடம் அன்றே சொல்லுங்கள். பிழைக்காத மரத்தைத் தறித்து அப்படியே போட்டுவிடாதீர்கள்; தாக்குண்ட பகுதியைப் பிளந்து, உள்ளிருக்கும் புழுவையும் கூட்டையும் எரித்துவிடுங்கள்.