கருவியும் கைத்திறனும்

தச்சனுக்கு உளியும் உழவனுக்கு ஏரும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதன கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கு அவர்தம் கருவிகள். நிரல் என்பது, கணிப்பொறி செய்ய வேண்டிய செயல்களை முறைப்பட எழுதிய ஆணைத்தொகுதியாகும். அதனை எழுதுவதற்கு ஒரு கருவி வேண்டும். எழுதியதைப் பொறி அறியும் எண்வடிவாக மாற்றுவதற்கு மற்றொரு கருவி வேண்டும். நாள்தோறும் செய்யும் திருத்தங்களை வரிசைப்படக் காத்து வைப்பதற்குப் பிறிதொரு கருவி வேண்டும். இக்கருவிகள் இரும்பாலும் மரத்தாலும் ஆனவை அல்ல, இவையும் நிரல்களே. ஆதலின், நிரல் எழுத வல்லார் தம் கருவியையும் தாமே ஆக்கிக்கொள்ளலாம். கொல்லன் தன் சுத்தியைத் தன் உலையிலேயே வடித்துக்கொள்வது போன்றது இது. இவ்வாறு பொழுதுபோக்காகத் தொடங்கித் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே ஆக்கி, அவற்றை உலகிற்கும் ஈந்தவர் லினஸ் டார்வால்ட்ஸ் ஆவார்.

லினஸ், பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் லியோ டோர்ன்குவிஸ்ட் ஹெல்சிங்கிப் பல்கலைக் கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர். லினஸுக்குப் பதினொரு வயது நிகழ்ந்தபோது பாட்டனார் விக்-20 என்னும் சிறு கணிப்பொறி ஒன்றை வாங்கினார். தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து இயக்கப்படுவது அது. அதன் நினைவகத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் எழுத்துகளே அடங்கும். பாட்டனார் தாளில் எழுதித் தரும் நிரல்களைப் பெயரன் விசைப்பலகையில் தட்டிக் கொடுப்பான். பாட்டனாருக்குக் கைகொடுக்கத் தொடங்கிய சிறுவன் நாளடைவில் தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். சிறிய நினைவகத்தில் பெரிய வேலையை முடிக்க வேண்டியிருந்தமையால், பொறியின் உள்ளமைப்பையும் அவன் ஆழ்ந்து அறிய நேர்ந்தது.

பின்னர் லினஸ் சின்கிளேர் கியூ.எல். என்னும் கணிப்பொறியை வாங்கினார். அதற்கு உரிய நிரல்கள் பின்லாந்தில் கிடைப்பது அரிதாயிருந்தது. நிரலைத் தட்டெழுதித் திருத்துவதற்குத் தக்க கருவி இல்லை. எழுதியதைப் பொறிமொழியாக மாற்றுவதற்கும் தக்க கருவி இல்லை. வேறொருவராயின் பொறியை ஒரு மூலையில் வைத்துவிட்டு வாளா இருந்திருப்பர். லினஸோ அவ்விரு கருவிகளையும் தாமே எழுதிக்கொண்டார். கருவியின்மை அவருக்குத் தடையாகவில்லை, கல்வியாகவே அமைந்தது.

1991ஆம் ஆண்டு ஜனவரியில், பல்கலைக் கழக மாணவராயிருந்த அவர் புதிய கணிப்பொறி ஒன்றை வாங்கினார். முழு விலையையும் ஒருங்கே செலுத்த இயலாமையால் தவணை முறையில் செலுத்த ஒப்புக்கொண்டார். கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆளும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். ஆண்ட்ரூ டானன்பாம் என்னும் பேராசிரியர் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக எழுதிய மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை லினஸ் தம் பொறியில் அமைத்துக்கொண்டார். வீட்டிலிருந்தவாறே தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக் கழகக் கணிப்பொறியைத் தொடர்புகொள்ள அவர் விழைந்தார். மினிக்ஸில் அதற்கு அமைந்திருந்த நிரல் அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. ஆகவே, அதனையும் தாமே எழுத முற்பட்டார். பெற்ற செய்திகளைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது; அதற்கு வட்டினை இயக்கும் பகுதியை எழுதினார். கோப்புகளை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு பகுதியை எழுதினார். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த பகுதிகள் ஓர் இயங்குதளமாகவே உருப்பெற்றன.

இத்தனையும் அவர் ஒருவரே தனித்துச் செய்தார் என்று எண்ணிவிடலாகாது. எழுதிய நிரலைப் பொறிமொழியாக்குவதற்கு அவர் பயன்படுத்திய கருவி, அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் யாவரும் பயன்கொள்ளுமாறு வெளியிட்டதாகும். ஒருவர் ஈந்த கருவி மற்றொருவர் கைத்திறனுக்குத் துணையாயிற்று. 1991 ஆகஸ்ட்டுத் திங்களில் லினஸ் தம் முயற்சியை மினிக்ஸ் பயில்வோர்க்கு அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கே என்றும், பெரிதாக வளரக்கூடியது அன்று என்றும் அவ்வறிவிப்பில் அடக்கத்துடன் குறித்திருந்தார். செப்டம்பரில் முதற்பதிப்பு வெளிவந்தது. லினக்ஸ் என வழங்கும் இயங்குதளத்தின் தொடக்கம் இதுவே.

அவ்வாண்டிலேயே ஒரு நாள் அவருடைய உறுதியைச் சோதிக்கும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. தொலைபேசி இணைப்புக்கு அனுப்ப வேண்டிய ஆணையை அவர் மறதியால் வட்டுக்கு அனுப்பிவிட்டார். வட்டில் மினிக்ஸ் இருந்த பகுதி சிதைந்துபோயிற்று. இப்போது அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. மினிக்ஸை மீண்டும் அமைத்துக்கொள்வது ஒன்று. முற்றுப்பெறாத தம் படைப்பையே முழுதும் நம்பி மேற்செல்வது மற்றொன்று. லினஸ் இரண்டாவதையே தேர்ந்தார். தாம் செய்த கருவியைத் தாமே நாள்தோறும் கையாளும்போதுதான் அதன் குறைகள் தெளிவாகப் புலப்படும் அன்றோ? அன்றுமுதல் அவருடைய பணி மேலும் விரைவு பெற்றது. 1992ஆம் ஆண்டில், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இடந்தரும் பொது உரிமத்தின்கீழ் அவர் லினக்ஸை வெளியிட்டார். பல நாட்டினரும் அதனைத் திருத்தி வளர்க்க முன்வந்தனர்.

பலர் கூடிச் செய்யும் பணியில் புதியதோர் இடர் எழுந்தது. யார், எப்பொழுது, எதனைத் திருத்தினர் என்னும் கணக்கைப் பிழையின்றி வைத்தல் வேண்டும். அதற்கென 2002 முதல் வணிக நிறுவனம் ஒன்றின் கருவி லினக்ஸ் பணியில் கையாளப்பட்டது. 2005ஆம் ஆண்டில் அதனை விலையின்றிப் பயன்படுத்தும் உரிமை நின்றுபோயிற்று. இரவல் கருவியை நம்பிய பெரும்பணி நடுவழியில் நின்றுவிடும் நிலை வந்தது. லினஸ் இயங்குதளப் பணியைச் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு, ஏப்ரல் 3ஆம் நாள் கிட் என்னும் புதிய கருவியை எழுதத் தொடங்கினார். 7ஆம் நாளிலேயே கிட் தன் மூலநிரலைத் தானே காத்து வைக்கும் நிலையை எய்தியது!

கிட்டின் அமைப்பு நுட்பமானது. பணியில் ஈடுபட்ட ஒவ்வொருவரிடத்தும் திருத்த வரலாற்றின் முழுப்படியும் இருக்கும். ஆகவே, ஒருவர் கணிப்பொறி பழுதுற்றாலும் வரலாறு அழிவதில்லை. மேலும், காக்கப்படும் ஒவ்வொரு நிலைக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்பட்ட 40 குறிகள் கொண்ட அடையாளம் ஒன்று அமைக்கப்பெற்றது. ஓரெழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். எனவே, பிழையோ வஞ்சனையோ மறைந்திருத்தல் அரிது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் லினஸ், கிட்டைப் பேணும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் பழைய பணிக்குத் திரும்பினார். தாம் செய்த கருவியைத் தக்கார் கையில் விட்டு விலகுதலும் ஒரு திறமையே.

லினஸுக்குக் கடலில் மூழ்கி நீந்துவதிலும் விருப்பம் மிகுதி. மூழ்குவோர் மணிக்கட்டில் அணியும் சிறு கணிப்பொறி, சென்ற ஆழத்தையும் கழிந்த நேரத்தையும் குறித்து வைக்கும். அக்குறிப்புகளைத் திரட்டிக் காட்டத் தக்க நிரல் கிட்டாமையால், 2011ஆம் ஆண்டில் சப்சர்ஃபேஸ் என்னும் நிரலை அவர் எழுதினார். ஆயினும், எல்லாவற்றையும் புதிதாகச் செய்யும் வேட்கை அவரிடம் இல்லை. எழுதுவதற்கு மைக்ரோஈமாக்ஸ் என்னும் பழைய சிறு கருவியையே தமக்கேற்பத் திருத்திக்கொண்டு அவர் நெடுங்காலம் கையாண்டு வந்தார். கைக்குப் பழகிய கருவியை ஆரவாரத்திற்காக மாற்ற அவர் விரும்பவில்லை.

பொழுதுபோக்காகத் தோன்றிய லினக்ஸ் இன்று எண்ணற்ற கைபேசிகளுக்கு அடிப்படையாய் விளங்குகின்றது. 2017 நவம்பரில் வெளியான பட்டியலில் இடம்பெற்ற, உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகள் அனைத்தும் அதனாலேயே இயங்கின. விலையுயர்ந்த கருவிகளைத் திரட்டி வைத்துக்கொள்வது மட்டும் ஒருவரைத் தொழில் வல்லார் ஆக்கிவிடாது. உள்ள கருவியின் இயல்பை நன்கறிதலும், இல்லாத கருவியை ஆக்கிக்கொள்ளுதலும், ஆக்கியதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுதலுமே கைத்திறனுக்குச் சிறப்பளிப்பன. இவ்வுண்மையை லினஸ் டார்வால்ட்ஸின் வாழ்க்கை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.